உப்புக் குளம்தானே... கண் ஏன் சிவக்கிறது?

"டாக்டர், எங்க வீட்டு நீச்சல் குளத்துல குளோரினே போடறதில்லை. வெறும் உப்புத் தண்ணிதான். ஆனா பையன் குளிச்சுட்டு வந்தா ரெண்டு கண்ணும் சிவந்து போகுது. ஏதாவது மூலிகைச் சொட்டு மருந்து கொடுங்களேன்!"

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருக்கும் ஒரு தாய் இப்படிக் கேட்டார். "மருந்து இருக்கட்டும்மா, தண்ணியை சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்றேன். விழித்தார்.

நீங்களும் அவரைப் போல நினைத்திருக்கலாம். உண்மையில் உப்புக் குளத்திலும் குளோரின் உண்டு! லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு கரைந்த தண்ணீர், ஒரு கருவி வழியாகப் போகும்போது மின்சாரம் பாய்கிறது. அந்த உப்பிலிருந்தே குளோரின் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது அதுதான்.

அப்படியானால் கண் எரிவது குளோரின் அதிகமானதாலா? பெரும்பாலும் இல்லை. நம் வியர்வையும், குழந்தைகள் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து 'குளோரமின்' என்ற பொருளாகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் கண் எரிச்சலும் இதன் வேலைதான்.

இன்னொரு சங்கதி, தண்ணீரின் பி.ஹெச். அளவு. 7-க்குக் கீழே போனால் அமிலத்தன்மை, மேலே போனால் காரத்தன்மை. நம் கண்ணீரின் அளவு சுமார் 7.4. குளத்துத் தண்ணீர் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருந்தால் கண்ணுக்கு இதம். உப்புக் குளங்களில் இது தானாகவே மெல்ல ஏறும். 8-ஐத் தொட்டால் குளோரினில் ஏறக்குறைய கால் பங்குதான் கிருமியோடு வேகமாகப் போராடும்.

என்ன செய்யலாம்?

● வாரம் இரண்டு முறையாவது சோதனைப் பெட்டி வைத்து பி.ஹெச்., குளோரின் இரண்டையும் பாருங்கள். குளோரின், பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 1 முதல் 3 பங்கு இருக்கலாம்.

● பி.ஹெச். ஏறியிருந்தால், பெட்டியிலுள்ள அட்டவணைப்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கையுறை, கண்ணாடி அவசியம். மோட்டார் ஓடட்டும், குளத்தில் யாரும் இருக்கக் கூடாது.

● அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவே கலக்காதீர்கள். கிளம்பும் விஷவாயு உயிருக்கே உலை வைக்கும்!

● சோப்புப் போட்டுக் குளித்த பிறகே குளத்தில் இறங்குங்கள். குழந்தைகளை முதலில் பாத்ரூமுக்கு அனுப்புங்கள்.

கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும். பூச்சாறு, இலைச்சாறு என்று எதையும் நீங்களாகக் கண்ணில் விடாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்! வலி, மங்கல், பீளை இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

அந்த அம்மா சோதித்தபோது பி.ஹெச். 8.2 காட்டியதாம். சரிசெய்தார், பையனையும் குளித்துவிட்டு இறங்க வைத்தார். மறு வாரம் போனில், "கண்ணு இப்போ சிவக்கறதே இல்லை டாக்டர்" என்றார். மருந்துப் பெட்டியைத் திறக்க எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது!