பறக்கும் தட்டும் மூக்குக்கண்ணாடியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பறக்கும் தட்டு என்றவுடன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கும் விண்கலந்தான் நம் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் வரும் பறக்கும் தட்டு அதுவன்று. இது மனிதனே செய்து, பொறியால் வானில் வீசி, துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் சிறு தட்டு. 'களிமண் புறா' என்பது இதன் செல்லப் பெயர். இத்தட்டுக்கும் நம் மூக்கின்மேல் அமர்ந்திருக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்குவதே என் நோக்கம்.

இதில் எனக்கு நாட்டம் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மாணவர் படை முகாமில் குப்புறப் படுத்துத் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. எனக்குக் கிடைத்த ஐந்து தோட்டாக்களில் ஒன்றுதான் குறிப்பலகையில் பட்டது. என் கை நடுங்குகிறது என்றே நான் எண்ணினேன். அருகில் நின்ற ஹவில்தார் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீ கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறாய்!" என்றார். வியர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. அதை மேலே தள்ளி, ஒரு நூலால் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டார். அடுத்த ஐந்தில் மூன்று பட்டன. கை அதே கை. துப்பாக்கியும் அதே துப்பாக்கி. மாறியது கண்ணாடி இருந்த இடம் மட்டுமே.

அசையாமல் நிற்கும் பலகைக்கே இந்தப் பாடு என்றால், பறக்கும் தட்டைச் சுடுபவர் கண்ணாடி அணிந்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, நாம் வகுப்பில் படிக்கும் ஒளியியல் முழுவதும் அங்கே குடியிருப்பதைக் கண்டேன்.

களிமண் புறாவின் கதை

முற்காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பொறியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். 'ட்ராப்' என்ற பெயர் அதனால் வந்ததே. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த போட்டிகளில்கூட உயிர்ப்புறாக்கள் சுடப்பட்டன. இதற்கு மாற்றாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுடும் வழக்கமும் இருந்தது. உடைந்த சில்லுகள் மைதானம் எங்கும் சிதறின. 1880-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகாவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் தட்டு செய்து காப்புரிமை பெற்றார். இன்றைய தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்கிறார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒலிம்பிக் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். உயரம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். 'ட்ராப்' போட்டியில் தட்டு வெளிவரும் குழிக்கு 15 மீட்டர் பின்னால் சுடுபவர் நிற்பார். அவர் குரல் கொடுத்தவுடன் தட்டு அவரைவிட்டு விலகிப் பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. 'ஸ்கீட்' போட்டியில் தட்டுகள் இரு கோபுரங்களிலிருந்து குறுக்கே பறக்கும்.

நம் நாட்டிற்கும் இதில் பெருமை உண்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டை ட்ராப் பிரிவில் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டார்.

தட்டு எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

தட்டு மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்புகிறது. அதாவது ஒரு விநாடிக்கு 28 மீட்டர். கண்டு, துப்பாக்கியைத் திருப்பிச் சுட முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்று கொள்வோம். அதற்குள் தட்டு 20 மீட்டர் அளவு ஓடிவிடும். நின்ற தூரத்தையும் சேர்த்தால் சுடும் கணத்தில் தட்டு ஏறக்குறைய 35 மீட்டர் தொலைவில் இருக்கும்.

35 மீட்டரில் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 11 நிமிடம். ஒரு பாகையில் 60 நிமிடங்கள் என்பது நாம் அறிந்ததே. முழு நிலவின் கோணம் ஏறத்தாழ 31 நிமிடம். ஆகவே தட்டு நிலவில் மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். அதுவும் தட்டின் முகம் முழுவதும் தெரிந்தால்தான். விலகிப் பறக்கும் தட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தால், அதன் தடிமன் இரண்டரை நிமிடமே!

கண் மருத்துவர் '6/6' என்று எழுதிக் கொடுக்கும் நல்ல பார்வை, ஒரு நிமிட அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். '6/12' என்றால் இரண்டு நிமிட நுணுக்கமே தெரியும். அப்படிப்பட்டவருக்கு விளிம்பாகத் தெரியும் தட்டு ஒரு மங்கலான கீற்றுதான்.

மங்கலின் கணக்கு

கிட்டப்பார்வை உள்ள கண்ணில், தொலைவிலுள்ள புள்ளியின் பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடுகிறது. விழித்திரையை அடையும்போது ஒளிக்கற்றை விரிந்து, புள்ளிக்குப் பதிலாக ஒரு மங்கல் வட்டம் உண்டாகிறது. அதன் அளவைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. கண்பாவையின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, பார்வைப் பிழையின் டையாப்டரால் பெருக்கினால், மங்கல் வட்டத்தின் கோணம் ரேடியனில் கிடைக்கும்.

கண்பாவை 4 மில்லிமீட்டர், பிழை 1 டையாப்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை 0.004 ரேடியன், அதாவது ஏறத்தாழ 14 நிமிடம். தட்டே 11 நிமிடந்தான்! தட்டின் ஒவ்வொரு புள்ளியும் தட்டைவிடப் பெரிய வட்டமாகப் பரவினால், அதன் நிறம் வானத்தோடு கரைந்துபோகாமல் என்ன செய்யும்?

பிழை கால் டையாப்டர்தான் என்றாலும் பாருங்கள். மூக்குக்கண்ணாடிகள் பொதுவாக 0.25 டையாப்டர் படிகளில்தான் எழுதப்படுகின்றன. கண்பாவை 3 மில்லிமீட்டராக இருந்தால், கால் டையாப்டர் தரும் மங்கல் இரண்டரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். அது தட்டின் விளிம்புத் தடிமனுக்குச் சமம். புத்தகம் படிக்கவும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கவும் போதுமான பழைய கண்ணாடி, தட்டைச் சுடுவதற்குப் போதாமல் போவது இதனால்தான். உருண்டையாக இருக்கவேண்டிய கருவிழியின் முன்பரப்பு ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருப்பதால் உண்டாகும் சிதறல் பார்வையையும் இவ்வாறே சரியாகத் திருத்தியாக வேண்டும். இல்லையேல் தட்டு ஒரு திசையில் வால் முளைத்தாற்போல் தெரியும்.

மங்கலால் வரும் இன்னொரு கேடு தாமதம். தட்டைத் தெளிவாக இனங்காணப் பத்தில் ஒரு பங்கு விநாடி கூடுதலாக ஆனால், அதற்குள் தட்டு கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஓடிவிடும்.

சாதாரணக் கண்ணாடி ஏன் போதாது?

'சரி, திறனைச் சரியாக எழுதி வாங்கிய கண்ணாடியை அணிந்தால் போதுமே' என்று கேட்கலாம். அங்குதான் அடுத்த சிக்கல்.

இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டையைக் கன்னத்தோடு சேர்த்து அணைக்கும்போது, தலை முன்னே குனிந்து சற்று உட்புறம் சாய்கிறது. அப்போது வலக்கண், லென்ஸின் நடுவால் பார்ப்பதில்லை. மேலே, மூக்கை ஒட்டிய மூலையால் பார்க்கிறது. சிறிய சட்டமாக இருந்தால் சட்டத்தின் விளிம்பே தட்டை மறைத்துவிடும். ஹவில்தார் என்னிடம் கண்டுபிடித்ததும் இதன் உடன்பிறப்பைத்தான்.

லென்ஸின் ஓரம் ஒரு முப்பட்டகம் போல வேலை செய்யும். நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகிப் பார்க்கிறோமோ, அதை லென்ஸின் திறனால் பெருக்கினால் எவ்வளவு விலக்கம் என்பது கிடைக்கும். இரண்டு டையாப்டர் லென்ஸில் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பார்த்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் 3 சென்டிமீட்டர் விலக்கம். 35 மீட்டரில் அது ஒரு மீட்டருக்கு மேல்!

'அப்படியானால் குண்டு ஒரு மீட்டர் தள்ளிப் போகுமா?' என்றால், போகாது. நானும் முதலில் அப்படித்தான் எண்ணி ஏமாந்தேன். லென்ஸின் அதே இடத்தின் வழியாகவே துப்பாக்கியின் முனையையும் பார்க்கிறோம். தட்டு எவ்வளவு நகர்ந்து தெரிகிறதோ அவ்வளவே முனையும் நகர்ந்து தெரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உண்மையான தொல்லை வேறு. இரு கண்களுக்கும் திறன் வெவ்வேறாக இருந்தால் விலக்கமும் வெவ்வேறாகும். ஒரு கண்ணின் பிம்பம் மேலேயும் மற்றதன் பிம்பம் கீழேயும் நிற்கும். மேல்கீழ் வேறுபாட்டை நம் கண்கள் பொறுத்துக்கொள்ளும் அளவு மிகக் குறைவு. மேலும், லென்ஸின் ஓரத்தில் பிம்பத்தின் தெளிவு குறையும். விளிம்பைச் சுற்றி நிறக்கோடுகளும் தோன்றும்.

ஆகவே சுடுபவர்களுக்கென்று தனிக் கண்ணாடி செய்கிறார்கள். லென்ஸ் பெரிதாக இருக்கும். புருவத்துக்கு மேல்வரை உயர்ந்து நிற்கும். மூக்குப்பிடியை ஏற்றி இறக்கலாம். லென்ஸின் ஒளி மையத்தைத் துப்பாக்கி அணைத்த நிலையில் கண் பார்க்கும் இடத்திற்கு நகர்த்தி அமைப்பார்கள். இதற்காகச் சிலர் சுடாத துப்பாக்கியை அணைத்து நின்று, கண்ணுக்கு நேரே லென்ஸில் புள்ளி வைத்து அளவு எடுப்பதும் உண்டு.

உடைந்த தட்டின் சில்லும் தெறிக்கும் ரவையும் கண்ணில் படாமல் காப்பதும் கண்ணாடியின் கடமை. அதற்குப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஏற்றது. அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் அதில் நிறப்பிரிகை அதிகம். எனவே மையத்தைச் சரியாக அமைப்பது இங்கு மேலும் முக்கியமாகிறது.

விழியோடு ஒட்டும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கண் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். ஆயினும் காற்றும் தூசியும் அதற்குப் பகை. அதை அணிபவர்களும் காப்புக்கண்ணாடி அணிந்தே தீரவேண்டும்.

நிறக்கண்ணாடிகள்

சுடும் களத்தில் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா எனப் பல நிற லென்ஸ்களைக் காணலாம். இவை அழகுக்காக அல்ல. நிறக்கண்ணாடி எதுவும் ஒளியைக் கூட்டாது. சில நிறங்களைத் தடுத்துக் குறைக்கவே செய்யும். மஞ்சள், மூடுபனியின் நீலத்தைத் தடுத்துத் தட்டை எடுத்துக்காட்டுகிறது. மரங்களின் பச்சைப் பின்னணியில் ஆரஞ்சுத் தட்டு பறந்தால், பச்சையைத் தடுக்கும் ஊதா உதவுகிறது.

கறுப்புக் கண்ணாடி மட்டும் மிகுந்துவிடக்கூடாது. ஒளி குறைந்தால் கண்பாவை விரியும். விரிந்தால் முன்சொன்ன கணக்கின்படி மங்கல் வட்டமும் பெருகும். நல்ல வெயிலில் கண்பாவை 2 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தால், 14 நிமிட மங்கல் 7 நிமிடமாகப் பாதியாகிவிடும். உச்சி வெயிலில் நன்றாகச் சுட்டவர் மாலையில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கண் தலைவன்?

எழுதுவதற்கு ஒரு கை முந்துவதுபோல், பார்ப்பதற்கும் ஒரு கண் முந்தும். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தூரத்துப் பொருளை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுவே தலைமைக் கண்.

வலத்தோளில் துப்பாக்கி வைப்பவருக்கு இடக்கண் தலைமையாக இருந்தால் இடர்தான். கண்களுக்கிடையே 6 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து துப்பாக்கி முனை ஒரு மீட்டர். அப்படியானால் 35 மீட்டரில் ரவை இரண்டு மீட்டர் இடப்புறம் போகும். ரவைக் கூட்டம் அத்தொலைவில் பரவும் அகலமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இதற்கு மருந்தும் கண்ணாடியிலேயே உண்டு. இடப்பக்க லென்ஸில், சுடும்போது கண் பார்க்கும் இடத்தில், மங்கலான ஒட்டுநாடாவைச் சிறு வட்டமாக ஒட்டினால் வலக்கண் தலைமை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு மறுப்பு

தென்கொரிய வில்லாளர் இம் டோங்-ஹியூன் பார்வை மிகக் குறைந்தவர். அவர் கண்ணாடி அணியாமலே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 72 அம்புகளில் 699 புள்ளிகள் பெற்று உலக சாதனை படைத்தார். 'அப்படியானால் கண்ணாடி எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. அவருடைய இலக்கு அசையாதது. பெரிய வண்ண வட்டங்கள் கொண்டது. அது இருக்கும் இடம் அவருக்கு முன்பே தெரியும். மங்கலான வண்ணத்தின் நடுவை நோக்கி எய்யலாம். பறக்கும் தட்டோ எங்கே தோன்றும், எப்பக்கம் போகும் என்று ஒவ்வொரு முறையும் கண்தான் கண்டு சொல்லவேண்டும்.

முடிவுரை

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மூக்குக்கண்ணாடி அணிந்த முதல் ஆளும் நானே. பத்தாம் வகுப்புவரை கரும்பலகை எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன். கணக்கு எனக்கு வராது என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவு கட்டியிருந்தார்கள், நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்ட பிறகுதான், எனக்கு வராதது கணக்கு அன்று, கரும்பலகை என்று தெரிந்தது.

தன் குறையைக் கண்ணே தனக்குச் சொல்லாது. வேறொரு கண்ணை அறியாததால், தான் காண்பதையே முழு உலகம் என்று அது எண்ணிக்கொள்கிறது. தட்டு தவறும்போது சுடுபவர் தன் கையை நொந்துகொள்கிறார். மதிப்பெண் தவறும்போது மாணவன் தன் அறிவை நொந்துகொள்கிறான். நொந்துகொள்ளும் முன் ஒருமுறை கண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நண்பர்களே, பின்வரிசையில் அமர்ந்து கண்களைச் சுருக்கிப் பலகையைப் பார்க்கும் தோழன் உங்கள் அருகில் இருந்தால், அவனை அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.