வால் எங்கே போனது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகளும் வயல்களும் தவளைச் சத்தத்தால் நிறைகின்றன. கொளவாய் ஏரிப் பக்கமிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆய்வகம் வேறில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர், "ஐயா, தலைப்பிரட்டையோட வால் உதிர்ந்து எங்க விழும்? குட்டையில தேடினோம், ஒண்ணுகூடக் கிடைக்கலையே" என்று கேட்டார். 'வால் உதிரும்' என்று பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். உண்மையில் வால் உதிர்வதில்லை. தைராய்டு ஹார்மோனின் தூண்டுதலால் வாலின் செல்கள் சிதைந்து உடலுக்குள்ளேயே உட்கிரகிக்கப்படுகின்றன. அச்சமயம் வாயும் குடலும் உருமாறுவதால் அது இரை எடுப்பதில்லை. வாலில் உள்ள சத்தே அதற்கு உணவாகிறது.

இந்த மாற்றத்தைப் படிநிலைகளாக விளக்கலாம். தவளை முட்டைகளுக்கு ஓடு இல்லை. கூழ் போன்ற உறையே பாதுகாப்பு. தேரையின் முட்டைகள் நீண்ட சரங்களாக நீரில் கிடக்கும். முட்டையிலிருந்து வரும் தலைப்பிரட்டை செவுள்களால் சுவாசிக்கும். பாசியைச் சுரண்டி உண்ணும். அதற்கேற்ப அதன் குடல் நீண்டு சுருண்டிருக்கும். இதயத்தில் இரண்டு அறைகளே இருக்கும். முதலில் பின்னங்கால்களும் பிறகு முன்னங்கால்களும் வெளிப்படும். நுரையீரல் வளரும், இதயம் மூன்று அறைகளைப் பெறும், பூச்சியுணவுக்கு ஏற்பக் குடல் குட்டையாகும்.

வளர்ந்த தவளைக்கு விலா எலும்புகள் இல்லை. ஆகவே தொண்டையின் அடிப்பகுதியை ஏற்றி இறக்கி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. ஈரமான தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. நாக்கு வாயின் முன்புறம் ஒட்டியிருப்பதால் இரையை நோக்கி வெளியே வீச முடிகிறது.

மாணவர்கள் தவளைகளைப் புட்டியில் அடைத்து வர வேண்டாம். ஆசிரியர் உடன் செல்ல, ஆழமில்லாத ஒரு குட்டையைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை கண்டதைத் தேதியிட்டு வரையச் செய்யலாம்.

பூச்சிகளை உண்டு பயிரைக் காப்பவை தவளைகள். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது. ஆனால் குட்டையே இல்லாமல் போனால் தடை மட்டும் அவற்றைக் காப்பாற்றாது. எங்கள் மாணவர்கள் வரைந்து வந்த குட்டையில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டபோது, தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கவில்லை. அவர்களது குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் அந்தத் தேதியோடு நிற்கிறது. இந்த ஆண்டு வேறொரு குட்டையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.