ராயக்கோட்டை தக்காளியில் மொராக்கோ சூப்

நாடு விட்டு நாடு – 11

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி எப்போது ஏறும், எப்போது சரியும் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. 2023 ஜூலையில் நாடு முழுக்கக் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே தக்காளி, விலை விழும் பருவங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே பழுத்து உதிர்கிறது. அப்படிச் சரியும் வாரங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளில் ரசமும் தொக்குமாகக் காலம் ஓடும். தக்காளியை முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று ஒரே வேளையில் விழுங்கும் சமையல் நம்மிடம் குறைவு. மொராக்கோக்காரர்களிடம் இருக்கிறது. அதன் பெயர் ஹரீரா.

தக்காளி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, வெங்காயம், செலரி, கொத்தமல்லி. இவைதான் அடிப்படை. சுக்கு, மஞ்சள், மிளகு, பட்டை ஆகியவற்றால் மணமூட்டி, கரைத்த மாவு விட்டுக் கெட்டியாக்குவார்கள். ஆட்டுக்கறி சேர்ப்பதும் உண்டு. காய்கறியோடு மட்டும் செய்யும் வீடுகளும் உண்டு. ரமலான் மாதத்தில் அந்த நாட்டில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு, பேரீச்சம்பழத்தோடு வீடுதோறும் இது கொதித்துக்கொண்டிருக்கும். நம் பள்ளிவாசல்களில் அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலுமாகக் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கும் அதே வேலைதான். பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு நீர், மாவுச்சத்து, புரதம் மூன்றையும் ஒரே கிண்ணத்தில் மெதுவாக இறக்க வேண்டும்.

மொராக்கோவுக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய தொடர்பு ஒன்றும் இருக்கிறது. அந்நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-ல் பிறந்த இபின் பதூதா, 1340-களில் மதுரைச் சுல்தான் கியாசுதீன் தமகானியின் காலத்தில் இங்கே வந்தார். மதுரையில் கடும் காய்ச்சல் கண்டு, புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, வயிறு கழிந்து குணமானதாகத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அவர் ஊர் அடுப்பிலும் சரி, மதுரை அடுப்பிலும் சரி, தக்காளி கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வர இன்னும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது. இன்று தக்காளி இல்லாத ஹரீராவை மொராக்கோவில் யாரும் ஏற்கமாட்டார்கள், தக்காளி இல்லாத சமையலறையை ஓசூரிலும் காண முடியாது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதால் கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே விளைகின்றன. சூளகிரிப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும் வயல் வயலாக நிற்கும். உழவர் சந்தைக்குக் காலையில் ஒரு நடை போனால் இந்தச் சூப்புக்கான காய் அத்தனையும் பைக்குள் வந்துவிடும். செலரி மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் தேடவேண்டியிருக்கலாம்.

நான்கு பேருக்கு அரை கப் வெள்ளைக் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அதே இரவில் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரை கப் தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால், காலைக்குள் லேசாகப் புளிக்கத் தொடங்கும். மொராக்கோவில் பழைய முறையில் சமைப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ராகி மாவை இரவு கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சும் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோதுமைக்குப் பதில் ராகியையே கரைத்தாலும் தவறில்லை; நிறம் கறுக்கும், இன்னும் சற்று நேரம் வேகவேண்டும்.

கடலையைத் தனியாகக் குக்கரில் வேகவைப்பது முக்கியம். தக்காளியோடு சேர்த்துப் போட்டால் புளிப்பு கடலையை இளகவிடாது. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும்.

தக்காளியை வேகவைத்துத் தோல் உரிக்க வேண்டாம். நன்றாகப் பழுத்ததாக முக்கால் கிலோ எடுத்து, குறுக்கே பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதை முழுவதும் கிண்ணத்தில் விழுந்து தோல் மட்டும் கையில் தங்கும். கனமான பாத்திரத்தில் கடலை எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த பெரிய வெங்காயம் ஒன்று, செலரி இரண்டு தண்டு, ஒரு கட்டுக் கொத்தமல்லியின் தண்டுகள் ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்க வேண்டும். சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், சிறு துண்டுப் பட்டை. பிறகு தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை அவசரப்படக் கூடாது. சூப்பின் ருசி இங்கேதான் உருவாகிறது.

அடுத்து கால் கப் மைசூர்ப் பருப்பு, ஒரு கேரட், ஒரு கீற்று மஞ்சள் பூசணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர். 20 நிமிடம் கொதித்ததும் கடலையை வெந்த நீரோடு சேர்க்கலாம். கடைசியில் புளித்த மாவுக்கரைசலை ஒரு கையால் நூலாக ஊற்றி, மறு கையால் நிறுத்தாமல் கிளற வேண்டும். அப்போது மேலே நுரை கட்டும். அது அடங்கி, கரண்டியின் முதுகில் மெல்லிய பூச்சாக ஒட்டும்வரை 10 நிமிடம் விட்டால் பச்சை மாவு வாடை போய்விடும். ஒரு பிடி சேமியா, உப்பு, கொத்தமல்லி இலை போட்டு, சேமியா வெந்ததும் இறக்கலாம். எலுமிச்சையைக் கிண்ணத்தில் அவரவர் பிழிந்துகொள்வது வழக்கம்.

மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, கடுகுத் தாளிப்பு மூன்றும் வேண்டாம். சேர்த்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது சாம்பாருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். இபின் பதூதாவைக் காப்பாற்றியதாயிற்றே என்று புளியும் கரைக்க வேண்டாம், தக்காளியின் புளிப்பே போதும்.

1970-களில் சிப்காட் வந்து, பின்னால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகியபின் ஓசூரின் சாப்பாட்டு நேரம் ஷிஃப்ட்டைப் பொறுத்தது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரிக்குத் திரும்புகிறவருக்குச் சோறும் குழம்பும் கனம். பிஸ்கட்டும் டீயும் போதாது. இந்தச் சூப் ஒரு பெரிய கிண்ணம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ரொட்டி. கடலையும் பருப்பும் இருப்பதால் பசி தாங்கும். வாரத்துக்கு வேண்டிய கடலையை ஞாயிற்றுக்கிழமையே வேகவைத்து ஃப்ரீசரில் பிரித்து வைத்துக்கொண்டால், மற்ற நாட்களில் முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். ஆறினால் இறுகும், சுடுதண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்.

தக்காளி விலை அடுத்த முறை சரியும்போது, வழக்கமாக வாங்கும் ஒரு கிலோவுக்குப் பதில் மூன்று கிலோவாக வாங்குங்கள். முடிந்தால் உழவர் சந்தையில், விளைவித்தவர் கையிலிருந்தே.

(தொடரும்)