மாதோட்டத்திலிருந்து மாத்தளைவரை: பழந்துறைமுகமொன்றைப் பார்வையிடலும் உழைப்பின் வரலாறும்

பண்டைய துறைமுக நகரங்களைப் பார்வையிடுதல் இன்று உலகளாவிய ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. உரோமின் ஒஸ்தியாவுக்கும் துருக்கியிலுள்ள எபேசுக்கும் காலையிற் சென்று மாலையில் மீளும் பயணிக்குத் தூண்களும் அரங்குகளும் கோயில்களும் காட்டப்படுகின்றன. அத்தூண்களைச் சுமந்தவரும் கப்பலிற் பொதியேற்றியவரும் அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. மத்தியதரைக் கடல் வணிகத்தோடு தொடர்புற்றிருந்த நமது மாதோட்டம் பற்றிய விளக்கங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை, மாத்தளை மாணவர் சிலருடன் அண்மையில் மேற்கொண்ட ஒருநாட் பயணம் எமக்கு உணர்த்திற்று. அப்பயணத்தை முன்வைத்துச் சில கருத்துக்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடியுமுன் மாத்தளையை விட்டுப் புறப்பட்டோம். அளுவிகாரை, நாலந்தா, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என வடக்கு நோக்கிச் சென்று, பின் மேற்கே மன்னார் வீதியிற் திரும்பவேண்டும். கடலிலிருந்து இத்துணை தொலைவிலுள்ள மாத்தளை மாவட்டத்துக்கும் பண்டைய கடல் வணிகத்துக்கும் தொடர்புண்டு. 1890களில் சீகிரியாவில் அகழ்வு நடத்திய எச். சி. பி. பெல், அக்குன்றின்மேல் உரோமச் செப்புக் காசுகளைக் கண்டெடுத்தார். கடல்வழி வந்த செல்வம் உள்நாட்டின் மலைக்கோட்டைவரை ஊடுருவியிருந்தமைக்கு அவை சான்றாகும்.

மன்னார்த் தீவை அடையுமுன், திருக்கேதீச்சரத்தை அண்மித்து அமைந்துள்ளது மாந்தை எனப்படும் மாதோட்டம். பாளி நூல்கள் இதனை மகாதித்த எனும். சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். இன்று கண்ணுக்குத் தெரிவது புல்லும் முள்ளும் மண்டிய மேடும், அதனைச் சூழ்ந்த இரட்டை அகழியின் சுவடுமேயாம். எம்முடன் வந்த வழிகாட்டி விடயமறிந்தவர். ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980இல் தொடங்கிய அகழ்வு, 1984இல் யுத்தச் சூழலால் இடைநின்றமையையும், யுத்தத்தின் பின்னர் 2009–10இல் மீண்டும் அகழ்வு நடைபெற்றமையையும் அவர் விளக்கினார். சீனப் பீங்கான், மேற்காசியப் பளிங்கு மட்பாண்டம், கண்ணாடி மணி ஆகியவை இம்மண்ணிற் கிடைத்தன. 2018இல் வெளியான ஆய்வு, மிளகு, கராம்பு, கோதுமை, திராட்சை விதை என்பன இங்கு வந்துசேர்ந்திருந்ததை நிறுவியது. கராம்பு கிழக்கே மொலுக்காத் தீவுகளிலும், கோதுமையும் திராட்சையும் மேற்கு நாடுகளிலும் விளைபவை. இரு கடல்களின் சந்தியாக மாதோட்டம் விளங்கியதென்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

விளக்கம் முடிந்ததும் மாணவனொருவன் வினவினான்: "இந்த அகழியை வெட்டினது ஆர், சேர்?" வழிகாட்டி சற்றுத் தயங்கி, "அதுக்குக் கல்வெட்டு இல்லைத் தம்பி" என்றார்.

அம்மறுமொழி நேர்மையானது. அதனை வழிகாட்டியின் குறையாகக் கொள்ளலாகாது. கல்வெட்டு யாருடைய சாதனம் என்பதே கேள்வி. சோழர் காலத்தில் இந்நகர் இராசராசபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டதையும், இங்கு இராசராசேச்சரம் எடுக்கப்பட்டதையும் கல்வெட்டுக் கூறுகிறது. கோயிலை எடுப்பித்தவன் பெயர் நிற்கிறது. கல் சுமந்தவன் பெயர் நிற்கவில்லை.

துறைமுகமொன்று கடலால் மட்டும் உருவாவதில்லை. அருவியாற்றுப் படுகையில் நெல் விளைவித்தோரின் உபரி அனுராதபுரத்தைத் தாங்கிற்று. மன்னார்க் குடாவில் மூச்சடக்கி முத்துக் குளித்தோரின் உழைப்பு வணிகப் பண்டமாயிற்று. அரசும் வணிகரும் அவ்வுபரியைக் கைப்பற்றி மாற்றீடு செய்த இடமே துறைமுகம். மாதோட்ட அகழ்வில் அயற்பண்டங்களோடு நெல்லும் கிடைத்துள்ளமை இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அரிய பண்டங்களின் ஒளியில் அந்நெல் மங்கிப்போகிறது. இந்நகரைத் தத்தம் இனத்தின் தனிச்சொத்தாக உரிமை கோருவோரும் இந்த உற்பத்தி அடித்தளத்தை நோக்குவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் இலங்கையிற் பாரசீகக் கிறித்தவரைக் குறிப்பிடுகிறார் என்பதும், துறைமுகங்கள் எக்காலத்தும் பலமொழி மாந்தர் கூடும் இடங்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

மறுகரையிலும் நிலைமை இதுவே. செங்கடல் வரியைக் குத்தகைக்கெடுத்த அன்னியுஸ் புளொக்காமுஸ் என்பானின் விடுதலை பெற்ற அடிமையொருவன், வடகாற்றால் அள்ளுண்டு இலங்கையை அடைந்ததாகப் பிளினி எழுதுகிறார். உரோம–இலங்கைத் தூதுறவு பற்றிய புகழ்பெற்ற கதை அதிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் அவன் பெயரைப் பிளினி குறிக்கவில்லை. எசமானின் பெயரையே குறித்தார். எகிப்தியப் பாலைவனப் பாதையிலோ, புபிலியுஸ் அன்னியுஸ் புளொக்காமுஸின் அடிமையாகிய லீசாஸ் என்பான், கி.பி. 6இல் தான் அவ்வழி வந்ததைப் பாறையிற் பொறித்துச் சென்றுள்ளான். வரலாற்றாசிரியன் தராத இடத்தைத் தானே எடுத்துக்கொண்ட உழைப்பாளியின் கையொப்பம் அது.

திரும்பும் வழியில் எம் சிந்தனை வேறொரு திசையிற் சென்றது. நாம் அன்று காலை வடக்கு நோக்கிக் கடந்த பாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கு நோக்கி நடந்தோரின் பாதையாகும். தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர், சுமார் 150 மைல் தூரத்தைக் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் 1880இலும், தலைமன்னாருக்கு 1914இலும் வந்தது. கோப்பியை ஏற்றிச்செல்லவே முதலில் இருப்புப்பாதை விரைந்தது. தொழிலாளியை ஏற்றிவர அது தாமதித்தது. மூலதனத்தின் முன்னுரிமைக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தின்வழி நாடுகடத்தப்பட்ட அவர்தம் வழித்தோன்றல்களுட் பெருந்தொகையினர், அதே தலைமன்னாரிலேயே கப்பலேறினர்.

பேருந்தில் மாணவியொருத்தி, "எங்கட பூட்டி இந்த வழியாத்தான் நடந்து வந்தவவாம், எந்த இடத்தில தங்கினவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். மாதோட்டத்தின் மண்ணடுக்குகளை நூற்றாண்டு வாரியாகப் பிரித்தறிய நம்மால் இயன்றுள்ளது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பாதையின் தங்குமடங்களையும் புதைகுழிகளையும் அவ்வாறு தேடும் முயற்சியோ மிகச் சிறிது. காலம் அன்று, அக்கறையே இவ்வேறுபாட்டை ஆக்குகிறது.

2023 ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12வரை, மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடைபயணமாக வந்தனர். பாறையில் லீசாஸ் பொறித்த எழுத்தின் தொடர்ச்சியாகவே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது. அந்நடையை ஆய்வாக மாற்றும் பொறுப்பு நம்முடையது. வாய்மொழி வழக்காறு, நாட்டார் பாடல், தோட்டப் பதிவேடு ஆகியவற்றைத் தொல்லியலோடு இணைத்து நோக்கின், அம்மாணவியின் பூட்டி நடந்த வழியை ஓரளவேனும் மீட்டெடுக்கலாம். அப்பொழுதே அகழி பற்றிய மாணவனின் கேள்வியும் முறையான விடையை நோக்கி நகரத் தொடங்கும்.