மதுரையில் ஒரு ராத்திரி தங்குங்கள்

ராமேஸ்வரம் போகிற வழியில் மதுரையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். காலையில் மீனாட்சி தரிசனம், மகாலில் அரை மணி நேரம், மத்தியானச் சாப்பாட்டோடு வேன் கிளம்பிவிடும். எனக்கு இதில் பெரிய வருத்தம். இந்த ஊர் களைகட்டுவதே பொழுது சாய்ந்த பிறகுதான்.

கோயிலைச் சுற்றியே அறை எடுங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக அமைந்த ஊர் இது. ரயிலை விட்டு இறங்கினாலே மேல வெளி வீதி. எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் வசதிக்கு ஏற்ற லாட்ஜுகள் உண்டு. பசுமலை மேல் இருக்கும் நட்சத்திர ஓட்டலில் காற்றும் காட்சியும் அருமைதான். ஆனால் ராத்திரி கோயிலில் இருந்து நடந்தே அறைக்குத் திரும்புகிற சுகம் அங்கே கிடைக்காது.

மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில், 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிடலாம்.

கோயிலுக்கு ராத்திரி 9 மணிக்குப் போங்கள். கடைசியாக நடப்பது பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் ஏற்றி, நாதஸ்வரமும் மேளமும் முன்னே வர, சாம்பிராணிப் புகைக்கு நடுவே மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தினமும் நடப்பதுதான், ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. உள்ளே செல்போனுக்கு அனுமதி கிடையாது. அதனாலேயே அத்தனை கண்ணும் பல்லக்கின் மேல் இருக்கும்.

பிறகு சாப்பாடு. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசை போடுவதை நின்று பாருங்கள். கல்லில் மாவைத் தடிமனாக ஊற்றி, அதன்மேல் முட்டை, முட்டைக்கு மேல் மசாலாவோடு வெந்த கொத்துக்கறி. ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டதும் கறி கல்லில் பட்டு முறுகும் வாசனை தெருவரைக்கும் வரும். ஒன்றுக்கு மேல் வயிறு தாங்காது. சைவக்காரர்களுக்குத் தெருவோரத்தில் ஆவி பறக்கும் இட்லி, நாலைந்து சட்னியோடு. சுக்கு மணக்கும் பருத்திப்பாலையும் விட்டுவிடாதீர்கள். ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண்தான்.

காந்தியைத் தேடி வருகிறவர்கள் தமுக்கம் பக்கம் உள்ள அருங்காட்சியகத்தோடு நின்றுவிடுகிறார்கள். மேல மாசி வீதியில் காதிக் கடை இருக்கும் கட்டடத்துக்கும் போக வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று, அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது அங்கேதான். சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் எளிய உடைக்கு மாறியதும், கடைசி உடை வந்து சேர்ந்ததும் ஒரே ஊர் என்பது மதுரைப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்விடுங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக நிற்பார்கள், கீழே வட்டெழுத்து. அங்கிருந்து கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஆதன், குவிரன் என்ற பெயர்களைக் கீறிய பானை ஓடுகளைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் தமிழி எழுத்து அட்டவணை இருந்தால், பிள்ளைகளையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.