வளவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகள்

"நெற்காணி போய்விட்டது, மாடு போய்விட்டது, இருந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை. இந்த நிலையில் எங்களுக்கு வண்ணத்துப்பூச்சி எதற்கு?" என்று வாசகர்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்க முடியாது.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில் செங்கலடியைத் தாண்டினால் கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வந்தாறுமூலையில் 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விவசாயம் படிப்பதற்கென்று பிள்ளைகள் வந்த அந்த வளாகமே, 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்த அகதி முகாமாக மாறியது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அதன் பின்னர் 2004 இல் கடல் பெருகியது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஒரே குடும்பம் மூன்று தடவை, நான்கு தடவை மரம் நட்டு, மூன்று தடவை, நான்கு தடவை அதை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

மரம் நடும் மனம் இப்படி உடைந்து போன இடத்தில் பிள்ளைகளின் மனம் என்னவாகும்? இக்கேள்வியை எமது மாவட்டத்தில் சிலர் அக்கறையோடு எடுத்துக்கொண்டனர்.

மட்டுநகரில் ஒரு பூங்கா

1996 இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டு ஓவியரான போல் ஹோகன் அவர்களும் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். போரினால் பாதிக்கப்பட்ட தமிழ்ச் சிறுவர்களும் முஸ்லிம் சிறுவர்களும் தத்தம் ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரே தோட்டத்தில் கூடினார்கள். மண்ணைப் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நாடகம் ஆடினார்கள், செடிகளையும் பிராணிகளையும் பராமரித்தார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று எவரும் அவர்களை வற்புறுத்திக் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைப் பிள்ளை தானாகவே களிமண்ணிலும் நிறத்திலும் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

அப்பூங்காவுக்கு வண்ணத்துப்பூச்சியின் பெயர் பொருத்தமானது. புழுவாக ஊர்ந்தது கூட்டுக்குள் அடங்கி, செத்தது போல் கிடந்து, பின் இறகு விரித்து வருகிறது. கிறிஸ்தவ மரபில் அது உயிர்ப்பின் அடையாளம். எந்தச் சமயத்தவராயினும் அந்தக் காட்சியைக் கண்ட பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை.

எல்லாப் பிள்ளைகளும் மட்டுநகர்ப் பூங்காவுக்குப் போக முடியாது. ஆனால் ஒரு வளவிலே, ஒரு குடிலின் வாசலிலே, அதே காட்சியை உண்டாக்கலாம். அதற்குக் காசு வேண்டியதில்லை. செய்யவேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பெட்டி வேண்டாம், வேலி போதும்

வெளிநாடுகளில் நெடுக்காகக் கீறல் விட்ட மரப்பெட்டிகளை "வண்ணத்துப்பூச்சி வீடு" என்று விற்கிறார்கள். குளிர் நாடுகளில் சில இனங்கள் மரப் பொந்துகளில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிப்பதைக் கண்டு செய்யப்பட்ட பொருள் அது. அங்கேகூட அப்பெட்டிகளில் குடியேறுவது பெரும்பாலும் சிலந்தியும் குளவியும்தான். எமது நாட்டில் குளிர்காலமே இல்லாதபடியால் அப்படியொரு பெட்டி செய்யப் பலகையையும் ஆணியையும் வீணாக்க வேண்டியதில்லை.

எங்கள் வண்ணத்துப்பூச்சிக்கு வேண்டியது இரவிலும் மழையிலும் காற்றிலும் ஒதுங்க ஓரிடம். இலையின் அடிப்புறம், அடர்ந்த வேலி, நிழலில் நிற்கும் காய்ந்த கொப்பு ஆகியவையே அதன் வீடு. கருமை நிற இனங்களும் நீலப் புள்ளி இனங்களும் மாலையில் காய்ந்த சுள்ளிகளில் கூட்டமாகத் தொங்குவதைக் காணலாம். ஆகவே கிளிசரிடியா, பூவரசு போன்ற கதியால்களை நட்டு உயிர்வேலி அமையுங்கள். அது ஆட்டுக்குத் தழையும் தோட்டத்துக்குப் பசளையும் தரும். காற்று வரும் பக்கத்தில் அதை அடர்த்தியாக வளர விடுங்கள். சுள்ளிக் குவியல் வைப்பதானால் வீட்டிலிருந்து எட்டவே வையுங்கள், பாம்பும் அதை வீடாக்கிக்கொள்ளும்.

முட்டையிட ஓர் இலை

பூ இருந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து போகும். முட்டையிட இலை இருந்தால்தான் தங்கும். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று செடி உண்டு. எமது வளவுகளில் எளிதாகக் கிடைப்பவை இவை:

தேசி, தோடை, வில்வம் – கறுப்பும் இளமஞ்சளுமான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி.

கறிவேப்பிலை – கரிய இறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட பெரிய இனம்.

எருக்கலை – செம்மஞ்சள் இறகும் கரிய ஓரமும் கொண்ட இனம்.

அன்னமுன்னா – பச்சைப் புள்ளியும் வாலும் கொண்டு ஓயாமல் பறக்கும் இனம்.

ஆவரை, தகரை – வெளிர்மஞ்சள் இனங்கள்.

கொடித்தோடை – செங்காவி நிறத்தில் மெதுவாகப் பறக்கும் சிறிய இனம்.

மா, மரமுந்திரிகை – நிழலில் அமரும் மண்ணிற இனம்.

ஆல், அத்தி – கரிய இனம். இதன் கூட்டுப்புழு வெள்ளிக் குண்டுமணி போல மின்னும்.

எருக்கலையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதை வேலிக்கு வெளியே விடுங்கள். மஞ்சள் அலரியைப் பிள்ளைகள் இருக்கும் வளவில் வைக்கவே வேண்டாம், அது கொடிய நஞ்சு.

தேனுக்குப் பட்டிப்பூ, எக்ஸோரா, செவ்வரத்தை, சீனியா எதுவும் உதவும். தரையில் தானாக முளைக்கும் மூக்குத்திப்பூண்டை முழுவதும் செருக்கி எறியாமல் ஓரத்தில் ஒரு பாய் அளவு விட்டுவையுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் மிக விரும்பும் பூ அது. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கி ஆகியவற்றின் காய்ந்த தண்டுகளை உறிஞ்சவும் சில இனங்களின் ஆண்கள் வரும். துணையைக் கவரும் வாசனையை அவை அதிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன.

சிரட்டையில் உணவு

சில இனங்கள் பூவை விடக் கனிந்த பழத்தையே நாடும். மாமரத்து மண்ணிற இனமும், மாலை மங்கலில் பறக்கும் இனமும் அவ்வகையின. இவற்றுக்கு உணவுத் தட்டு செய்வது இலகு.

ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மூன்று துளையிட்டுக் கயிறு கட்டி, நிழலான கிளையில் மூன்று, நான்கு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். மனிதர் உண்ண முடியாத அளவுக்குக் கனிந்த வாழைப்பழம், மாம்பழம், பப்பாசி, அன்னாசித் தோல் எதையும் அதில் இடலாம். எறும்பு ஏறாதிருக்கக் கயிற்றின் நடுவில் சிறிது கிறீஸ் பூசுங்கள். காலையில் வைத்து மாலையில் எடுத்து மண்ணில் புதைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் எலி வரும். பழ ஈ பெருகிக் கொய்யாவையும் பீர்க்கையும் கெடுக்கும். நல்ல பழத்தைப் பிள்ளைக்குக் கொடாமல் பூச்சிக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, ஈர மண் தட்டு. உடைந்த சட்டி ஒன்றில் மணலை இட்டு, சிறிது சாம்பலும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சாணக் கரைசல் தெளித்து ஈரமாக வைத்திருங்கள். ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து உப்பை உறிஞ்சும். அந்த உப்பை அவை பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைக்குப் பயன்படும். மணல் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்க விடாதீர்கள். தேங்கினால் வருவது டெங்கு நுளம்பு.

தேசி மரத்தின் பிரச்சினை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தேசி மரம் சந்தைக்குக் காய் தரும் மரம். அதன் இலையைப் புழு தின்ன விடலாமா?

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழு முதலில் குருவி எச்சம் போலவும், பின்னர் இலைப்பச்சை நிறமாகவும் இருக்கும். தொட்டால் தலைப் பக்கத்தில் செம்மஞ்சள் கொம்பை நீட்டி ஒருவித மணம் வீசும். கடிக்காது, கொட்டாது. முட்டையிலிருந்து இறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

வளர்ந்த மரத்துக்குச் சில புழுக்களால் நட்டம் இல்லை. தின்ற இலை மீண்டும் தளிர்க்கும். பெரும்பாலான புழுக்களைக் குருவியும் குளவியும் கொண்டுபோய்விடும். ஆனால் முழங்கால் உயர நாற்றுக்கு நாலைந்து புழு போதும், ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். ஆகவே நாற்றுகளைக் காலைதோறும் பாருங்கள். புழுவைக் கண்டால் இலையோடு கிள்ளிப் பெரிய மரத்துக்கோ வில்வத்துக்கோ மாற்றிவிடுங்கள். இது பிள்ளைகள் ஆசையோடு செய்யும் வேலை.

"வண்ணத்துப்பூச்சி வந்தால் வயலுக்குப் புழு வரும்" என்ற பயமும் சிலரிடம் உண்டு. நெல்லின் தண்டைத் துளைப்பதும் இலையைச் சுருட்டுவதும் அந்துப்பூச்சிகள். தேசி இலையைத் தின்னும் புழு நெல்லைத் தொடாது. ஆயினும் முழு உண்மையையும் சொல்லவேண்டும். பயிற்றங்காயைத் துளைக்கும் சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. நெல் இலையைச் சிறிதளவு தின்னும் இனங்களும் உள்ளன. துளைபட்ட காய்களை உடனே பறித்து அழிப்பது நல்லது.

தெளிப்பு மருந்துக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரே வளவில் இடமில்லை. வேப்பெண்ணெய் கூடப் புழுவைக் கெடுக்கும். இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இலங்கையில் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும், பரகுவாட் உள்ளிட்ட சில 2008 முதல் 2011 வரையிலும் தடைசெய்யப்பட்டன. அதன்பின் நாட்டில் நஞ்சருந்தி மாண்டோரின் தொகை பெரிதும் குறைந்தது. துயரம் நிறைந்த வீட்டில் நஞ்சுப் போத்தல் இல்லாதிருப்பதே ஒரு பாதுகாப்பு. சிறு வீட்டுத்தோட்டத்தைக் கையால் பராமரித்து, மருந்தில்லாமல் நடத்த முடியும். வண்ணத்துப்பூச்சி வரும் வளவில் கீரையைப் பயமின்றிப் பறிக்கலாம்.

காவிச் செல்லும் தோட்டம்

காணி உறுதி இல்லாதவர்களும், தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களும், உறவினர் வளவில் ஒதுங்கியிருப்பவர்களும் மரம் நடத் தயங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லக்கூடியது, உரப்பையிலே நடுங்கள் என்பதே. பழைய உரப்பையில், ஓட்டை வாளியில், எண்ணெய்த் தகரத்தில் மணலும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்து, அடியில் துளையிட்டு, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, ஒரு பட்டிப்பூ வையுங்கள். போகவேண்டி வந்தால் அவை உங்களோடு வரும். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் முதலில் நிலத்தில் இறங்குவதும் அவையாக இருக்கட்டும்.

எமது பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுவது உத்தமம். தை பிறந்து மழை ஓயும்போது தளிர் விடும், பூச்சிகளும் பெருகும். வைகாசி முதல் ஆவணி வரை வெயிலில் கிணற்றடித் தண்ணீரையும், அரிசி கழுவிய நீரையும் செடிக்குத் திருப்பிவிடுங்கள்.

புழு கூடு கட்டியதும் அச்செடியைப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். போத்தலில் அடைக்க வேண்டாம். எட்டு, பத்து நாளில் கூட்டின் நிறம் கருக்கும். மறுநாட் காலையில் அது வெடிக்கும். வெளிவரும் பூச்சியின் இறகு ஈரமாகச் சுருங்கியிருக்கும். உதவுகிறோம் என்று கூட்டைப் பிரித்தால் அந்த இறகு விரியாமலே போய்விடும். ஒன்று, இரண்டு மணி நேரம் அது தொங்கிக்கொண்டு இறகை உலர்த்தும். அதுவரை எட்ட நின்று காவல் காப்பதே நாம் செய்யக்கூடிய உதவி. கோழி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அது பறந்து போகும். போகட்டும். தளிருள்ள செடி ஒன்று உங்கள் வாசலில் நின்றால் இன்னொன்று முட்டையிட வரும். இந்த மாரிக்கு ஓர் உரப்பையோடு தொடங்குங்கள்.