கை தேய்த்த காலமும் மைக்ரான் எண்ணும் காலமும்

வெள்ளைத் துணியில் வண்டியின் நிறம் ஏறினால்தான் பாலிஷ் பிடிக்கிறது என்று அர்த்தம். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில் சென்னையின் பெயின்டிங் ஷெட்டுகளில் இதுதான் கணக்கு. சிவப்பு வண்டியைத் தேய்த்தால் துணி சிவக்கும், நீல வண்டியைத் தேய்த்தால் நீலமாகும். வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மேல்தோல் உரிந்து, அடியிலிருந்த நல்ல நிறம் வெளியே வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைய மெட்டாலிக் காரில் அப்படித் துணி நிறம் மாறினால் பாலிஷ் மெஷினை உடனே நிறுத்திவிட வேண்டும். மேலே இருந்த கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு தேய்ந்து தீர்ந்துவிட்டது. இனி அந்தக் கதவுக்கோ பானட்டுக்கோ திரும்பப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அன்றைய பெயின்ட் வேறு. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கொண்டுவந்த, டூக்கோ என்று பெயர் பெற்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் வகைதான் நம் ஷெட்டுகளிலும் நெடுங்காலம் ஆண்டது. சீக்கிரம் காயும். ஆனால் காய்ந்ததும் மங்கலாகத்தான் நிற்கும். பளபளப்பைப் பெயின்ட் தராது, கைதான் தர வேண்டும். பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டு, நிறத்தைப் பல கோட்டாக அடித்து, பிறகு ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார்கள். பனியன் வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுருட்டி, உள்ளங்கை முழுவதும் அழுந்த, ஒரு பானட்டை முடிப்பதற்குள் காலை போய்விடும். தோள் வலியோடு கற்ற தொழில் அது. பெருங்களத்தூர்ப் பக்கம் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனாலும் வங்காளத்தில் உருவான அம்பாசிடர் ஆனாலும் வைத்தியம் ஒன்றுதான்.

அந்த முறையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. மனிதக் கையால் பெயின்டைச் சூடாக்கிக் கருக்க முடியாது. பெயின்ட் கெடுவதற்கு முன்பே கை ஓய்ந்துவிடும். விளிம்பில் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துபோனாலும் அதே நிறத்தைத் தொட்டு அடித்துச் சரிசெய்துவிடலாம், ஏனென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்தக் கணக்கு மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது, அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. மெட்டாலிக் நிறங்கள் தெருவை நிறைத்தன. மெட்டாலிக் என்றால் இரண்டு அடுக்கு: கீழே மெல்லிய நிறம், அதன்மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுவதும் அந்த மேலடுக்கில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரை. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிய அந்தத் தோலில்தான் காரின் ஆயுள் முழுவதற்குமான பாலிஷ் வேலை அடங்கியாக வேண்டும்.

இந்த மெல்லிய தோலின்மேல்தான் ரோட்டரி மெஷின் ஏறியது. நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று, மூன்று கிலோ அளவுக்கு எடை, முகப்பில் கம்பளி பேட். கைக்கு ஒரு காலை பிடித்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்தது. ஷெட்டுகளுக்கு அது பெரிய விடுதலை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. ஓர் இடத்தில் நின்றுவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அதிலும் பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கேயே தேக்கி வைத்துக்கொள்ளும், பெயின்ட் கருகிவிடும். கை பழகாதவர் ஓட்டிய கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், ஹோலோகிராம் என்று சொல்கிற நெளியும் ஒளிக்கோடுகள் உடம்பெல்லாம் ஓடும். ஷெட்டின் டியூப் லைட்டில் கண்ணாடி மாதிரி இருந்த வண்டிதான் அது.

இதைவிட மோசமானது, வெல்டிங் பட்டறை ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டிப் பாலிஷ் போடுவது. நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடும். இரும்பு அறுக்கப் பிறந்த வேகம் அது. விலை குறைவு என்பதற்காக அதை யாரும் காரின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

உண்மையான மாற்றம் டூயல் ஆக்ஷன் மெஷினோடு வந்தது. டி.ஏ. என்றுதான் தொழிலில் சொல்கிறார்கள். அதன் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையத்தை விட்டு விலகி ஒரு சிறு வட்டத்திலும் ஓடும். அந்த வட்டத்தின் அளவுதான் த்ரோ. பழைய மெஷின்களில் 8 மி.மீ. இருந்ததை, 1947இல் தொடங்கிய இத்தாலியின் ரூப்பெஸ் போன்றவர்கள் 15, 21 மி.மீ. என்று பெருக்கினார்கள். பெரும்பாலான டி.ஏ. மெஷின்களில் பேடின் சுழற்சி மோட்டாரோடு கட்டப்பட்டதல்ல. ஒரேயடியாக அழுத்தினாலோ விளிம்பில் மாட்டினாலோ பேட் சுற்றுவதை நிறுத்திவிடும், அதிர மட்டும் செய்யும். கையால் தேய்த்த காலத்தில் தோள் வலி செய்த காவலை இங்கே மெஷினே செய்கிறது. பேட் சுற்றுகிறதா என்று பார்க்க, பேட் ஒட்டியிருக்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும்.

முதல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு 15 மி.மீ. டி.ஏ. தான். 21 மி.மீ. அகன்ற பானட்டுக்கும் ரூஃபுக்கும் அருமையானது, ஆனால் நம் சின்னக் கார்களின் வளைவுகளில் தடுமாறும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெஷின் என்றால், தகட்டில் வோல்டேஜைப் படிக்காமல் பிளக்கைச் செருக வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. மோட்டார் எரிந்துபோகும். மெஷினுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு இரண்டே இரண்டு ஃபோம் பேடோடு தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். காம்பவுண்டும் தேய்ந்த பெயின்டும் சேர்ந்து பேடை அடைத்துவிடும், முழுக் காருக்கு அரை டஜன் பேடாவது மாற்ற வேண்டும். அதோடு ஒரு திக்னெஸ் மீட்டர். இரும்பிலிருந்து மேற்பரப்பு வரை மொத்தக் கனத்தைத்தான் அது காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. ஆனாலும் மற்ற இடங்களில் 110, 120 என்று காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 80 காட்டினால், அங்கே யாரோ முன்பே தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்தக் கதவை விட்டுவிட வேண்டும்.

வேலை நம் ஊரில் விடியற்காலையில் நடக்க வேண்டும். பத்து மணி வெயில் பட்ட தகட்டில் காம்பவுண்ட் காய்ந்து மாவாகிவிடும். போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்ட வண்டிகளில் உப்புக்கறை வட்டம் வட்டமாகக் கிளியர் கோட்டை அரித்திருக்கும். அதை முதலில் ரசாயனத்தால் கரைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை எடுக்க வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி கட்டம், நாலைந்து பட்டாணி அளவு பாலிஷ், குறுக்கும் நெடுக்குமாக நிதானமான ஓட்டம். எப்போதும் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் முதலில், அது போதாதபோதுதான் அடுத்தது. ஆழமான கீறலை முழுதாக எடுக்க நினைப்பது தவறு. கண்ணுக்கு மங்கிவிட்டால் போதும், மிச்சக் கிளியர் கோட் அதைவிட மதிப்புள்ளது.

இன்னமும் பழைய பெயின்டர்கள் புறங்கையைத் தகட்டில் வைத்துச் சூடு பார்க்கிறார்கள். லேசர் தெர்மாமீட்டர் இருக்கிற ஷெட்டிலும் பார்க்கிறார்கள். விளிம்புகளுக்கு டேப் ஒட்டச் சொல்வதும், பாதி வேலையில் துடைத்துவிட்டு நாலு பக்கமிருந்தும் குனிந்து பார்ப்பதும் அவர்களிடம் கற்க வேண்டியவை. ரீபெயின்ட் செய்த வண்டியில் வாட்டர் பேப்பர் கோடுகளை அறுத்தெடுக்க இன்றும் அவர்கள் கையிலுள்ள ரோட்டரிக்கு ஈடில்லை.

மெஷினை இவ்வளவு அடிக்கடி தேட வைப்பது எது என்றால், அடுக்குமாடிகளில் தினமும் காலையில் நடக்கும் துடைப்பு. ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, பத்து வண்டிகள். முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டியின் பானட்டில் கீறுகிறது. துடைக்கிறவர்மேல் குற்றம் இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட சாமான் அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வண்டிக்கென்று இரண்டு வாளி, கார் ஷாம்பு, நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, தினமும் உலர்ந்த தூசியைத் துடைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், கூலி குறையாது என்று அவரிடம் சொல்லிவிடலாம். ஒரு முழு பாலிஷ் வேலைக்குக் கொடுக்கும் கூலியில் இது சின்னப் பங்குதான்.